தோசைக்கல்லில் முடிந்த ஏழு கெண்டைகள்

ஆராய்ச்சி செய்கிறவன் எதை நம்பினாலும் நம்பலாம், வீட்டு ஃப்ரிட்ஜை மட்டும் நம்பக் கூடாது. அதிலும் அவன் ஆராய்ச்சி மீனைப் பற்றியது என்றால், அம்மா நன்றாகச் சமைக்கிறவர் என்றால், வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்றால், அவனைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். என் விஷயத்தில் அவரும் அன்று லீவு.

அப்போது நான் விலங்கியலில் பி.எச்.டி. இரண்டாம் வருடம். தலைப்பு, திருச்சியைச் சுற்றியுள்ள வாய்க்கால்களில் வாழும் சின்னக் கெண்டைகள். (பெண் பார்க்கப் போன இடத்தில் ஒருவர் "பெரிய மீனெல்லாம் தர மாட்டேங்கறாங்களா தம்பி?" என்று நிஜமான அனுதாபத்தோடு கேட்டார்.) இரண்டு வருடம் வலை போட்டும், புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் மீன்கள்தான் எனக்கும் கிடைத்துக்கொண்டிருந்தன. அடுத்த மாதம் கமிட்டி முன்னால் நின்று என்ன கண்டுபிடித்தேன் என்று சொல்ல வேண்டும். உதவித்தொகை தொடருமா, மூட்டை கட்ட வேண்டுமா என்பது அதில்தான் இருந்தது. சொல்வதற்கு என்னிடம் இருந்தது முழங்கால் வரை சேற்றுப்புண் மட்டும்.

இந்த நிலைமையில்தான் ஐப்பசி மழை நான்கு நாள் கொட்டி ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் பக்கம் வாழைத் தோப்புக்குள் ஓடும் ஒரு வாய்க்காலில் வலை போட்டேன். கணுக்கால் ஆழத் தண்ணீர், அடியில் மணல், ஓரத்தில் கோரைப்புல். வலையைத் தூக்கியதும் ஏழு கெண்டைகள் துள்ளின. விரல் நீளம்தான். வெள்ளி உடம்பு, வாலுக்கு முன்னால் ஒரு கறுப்புப் பொட்டு. அது வழக்கம்தான். ஆனால் செவுளிலிருந்து வால் வரை ரத்தச் சிவப்பில் ஒரு கோடு! என் இரண்டு வருடத்தில் பார்க்காத கோடு.

புது இனம்! அவசர அவசரமாக எடுத்த போட்டோவில் என் கட்டைவிரல் ரேகை முதற்கொண்டு தெளிவாக விழுந்திருந்தது. மீன் மட்டும் ஒரு சிவப்பு இழுப்பாகத் தெரிந்தது.

வாய்க்கால் கரையில் நின்றபடியே என் கைடு வரதராஜன் சாருக்குப் போன் போட்டேன். சார் ஸ்ரீரங்கத்துக்காரர், வைஷ்ணவர். முப்பது வருடமாக மீனைத் தவிர வேறெதையும் படிக்காதவர், ஒரு மீனைக்கூட வாயில் வைக்காதவர்.

"ஃபார்மலின்ல போட்டுடாதே யூசுப், செவப்பு போயிடும். ஐஸ்ல வை. இன்னிக்கு டிபார்ட்மென்ட் பூட்டியாச்சு. நாளைக்கு ஆத்துல பெருமாளுக்குத் திருவாராதனம் முடிஞ்சதும் என்னை அழைச்சுண்டு போ, உங்க வீட்டுலயே பார்த்துடறேன்" என்றார். பிறகு, "மழை விட்டு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

நான் நனைந்துவிட்டேனோ என்று கவலைப்படுகிறார் என நினைத்து, "நான் நல்லா இருக்கேன் சார்" என்றேன்.

பாலக்கரையில் இருக்கும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கமிட்டியை மறந்து, மீனுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். கண்டுபிடித்தவன் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அநாகரிகமாம். (அது மட்டும் இல்லையென்றால் நான் யோசித்தே இருக்க மாட்டேன்.) அதனால் அம்மா பெயரை வைப்பது என்று முடிவு செய்தேன். ஜைனம்பு. ரேஷன் கார்டு தவிர வேறெங்கும் அச்சில் வராத பெயர். அதற்கு ஒரு லத்தீன் வாலை ஒட்டினால் உலகம் முழுக்கப் போகும். விஷயம் உறுதியான பிறகு சொல்லி அசத்தலாம் என்று அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

ஏழு மீனையும் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ் போட்டு வைத்தேன். முறைப்படி லேபிளும் ஒட்டினேன். பிடித்த இடம்: மேலூர் வாய்க்கால். பிடித்த தேதி, நேரம். பிடித்தவர்: யூசுப். எண்ணிக்கை: ஏழு. சார் சொல்லிக்கொடுத்த ஒரு விவரமும் விடுபடவில்லை. 'சமைக்காதீர்கள்' என்று எழுதச் சொல்லி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

மறுநாள் சாரை அழைக்கப் போனேன். காவிரிப் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்து, ஒதுங்கி, மறுபடி கிளம்பி, வீடு வந்து சேரும்போது மணி ஒன்று. மாடிப்படியிலேயே வாசனை வந்தது. மிளகாய்த்தூள், பூண்டு, சோம்பு, கறிவேப்பிலை. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அந்த நிமிஷத்தை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கூடத்தில் மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்காரர். சவூதியில் தம்மாமில் வேலை, ஒரு மாத லீவில் வந்திருந்தார். "வா மாப்ள, சார் வாங்க வாங்க! ரெண்டு வருஷமா ஐஸ் மீனையே தின்னு நாக்கு செத்துக் கெடக்கு சார். ஆத்து மீனுக்கு ஈடு உண்டுங்களா?" என்று கையை உயர்த்தினார். விரல்களுக்கு நடுவே ஒரு கெண்டை. விரல் நீளம்.

நான் ஃப்ரிட்ஜுக்கு ஓடினேன். டப்பா இல்லை. அடுப்படிக்கு ஓடினேன். டப்பா இருந்தது, கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன் மேல் என் லேபிள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோசைக்கல்லில் எண்ணெய் இன்னும் சலசலத்துக்கொண்டிருந்தது.

"அம்மா! டப்பால இருந்த மீன் எங்க?"

"அதான் பொரிச்சாச்சே. மச்சான் பொடி மீன் கேட்டாரு. மழைக்கு மார்க்கெட் போக முடியல. நீ நல்ல நேரத்துல கொண்டாந்து வெச்சிருந்தே" என்றார் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

"அது ஆராய்ச்சி மீனும்மா!"

"போடா. ஆராய்ச்சி மீனுன்னா மருந்து நாத்தம் அடிக்கும், நான் தொடவே மாட்டேன். இது அடிக்கல. எங்க புடிச்சது, எப்பப் புடிச்சது, யாரு புடிச்சதுன்னு எல்லாம் எழுதி வேற வெச்சிருந்தே. எந்தக் கடைக்காரன் இப்படி எழுதித் தருவான்?"

கூடத்துக்குப் பாய்ந்தேன்.

"மச்சான், மெல்லாதீங்க!"

மச்சான் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார். முள்தான் மாட்டிக்கொண்டதாக நினைத்து அக்கா வெறுஞ்சோற்றை உருட்டி அவர் வாயில் திணித்தாள். என் ஆறாவது மீன் அந்தச் சோற்றோடு போயிற்று. மிச்சம் ஒன்று தட்டு ஓரத்தில் இருந்தது. வால் பாதி கடிபட்டிருந்தாலும் தலை முழுசாக இருந்தது.

"அதுல செவப்புக் கோடு இருந்துச்சே, பாத்தீங்களா?" என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

"மொளகாத்தூள் போட்டா எல்லாமே செவப்புதாண்டா."

இவ்வளவு நேரம் வாசலில் நனைந்த குடையோடு நின்ற சார், மெதுவாக வந்து மச்சான் எதிரில் உட்கார்ந்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியையும் இடுக்கியையும் எடுத்தார். "தலை இருக்கோல்லியோ, கவலைப்படாதே" என்றார்.

கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குத் தாடையில் பல் கிடையாது. செவுளுக்குப் பின்னால், தொண்டைக்குள்தான் பல். குண்டூசி முனை அளவு எலும்பில் வரிசை வரிசையாக இருக்கும். எண்ணெயில் பொரித்தாலும் அது கரையாது. சார் அந்தப் பல்லை எடுக்கத்தான் மீனின் செவுளைத் திறந்தார். இது தெரியாத அம்மா, தாங்க முடியாத சந்தோஷத்தில், "சார் சாப்பிட மாட்டாங்கன்னியே! இருங்க சார், சுடச்சுட சோறு எடுத்தாரேன்" என்று உள்ளே திரும்பினார்.

"வேண்டாம்மா, நான் பல்லு மட்டும் எண்ணிட்டுப் போயிடறேன்" என்றார் சார். அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

மச்சான் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் இருக்க, அவர் தட்டில் குனிந்து சார் எண்ணினார். மூக்குக்கும் மீனுக்கும் நாலு விரல் இடைவெளி. "முப்பது வருஷமா மீனோட பழகறேன் யூசுப். இவ்வளவு நல்ல வாசனையோட ஒண்ணுகூட எங்கிட்ட வந்ததில்லே" என்றார். பிறகு நிமிர்ந்து, "மூணு வரிசை. அஞ்சு, மூணு, ரெண்டு. இது கெண்டைங்கறதுல சந்தேகமே இல்லே" என்று தீர்ப்புச் சொன்னார்.

"எந்தக் கெண்டை சார்?"

"அதைத் தோலைப் பார்த்துன்னா சொல்லணும்? தோல் மொறுமொறுன்னு இருக்கே."

"வேணும்னா ருசியை வெச்சு நான் சொல்லட்டுங்களா சார்?" என்றார் மச்சான், உதவி செய்யும் எண்ணத்தில்.

அவ்வளவுதான், என் பொறுமை போயிற்று. சார் இருப்பதையும் மறந்து அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "உலகத்துல யாருமே பாக்காத மீனும்மா அது! அதுக்கு உங்க பேரை வைக்கலாம்னு இருந்தேன். உங்க பேரைத்தான் நீங்களே பொரிச்சு வெச்சிருக்கீங்க!"

அம்மா சாருக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தோசைக்கல்லைத் தேய்க்கப் போய்விட்டார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

அதன்பிறகு நான்கு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை. வீட்டில் சாப்பிடவும் இல்லை. வீம்புக்கு ஓட்டலில் தயிர்சாதம் தின்றேன். தினமும் மேலூர் வாய்க்காலுக்குப் போனேன். தண்ணீர் பெருகி வலையே நிற்கவில்லை. அம்மா காலையில் வீட்டில் இல்லாததைக் கவனித்தேன். கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, முக்காடெல்லாம் மழைத்தண்ணீர் சொட்ட அம்மா உள்ளே வந்தார். ஒரு மஞ்சள் பையை என் முன்னால் கவிழ்த்தார். செய்தித்தாள் மேல் கெண்டைகள் குவிந்தன. நாற்பது, ஐம்பது இருக்கும். பாதிக்கு மேல் சிவப்புக் கோடு!

"நாலு நாளா மார்க்கெட்டுல ஒவ்வொரு கூடையா பாத்தேன். உன் போன்லேருந்து அக்கா எடுத்துக் குடுத்த போட்டோவைக் காட்டினா எல்லாரும் உன் கட்டவெரலத்தான் பாக்குறாங்க. இன்னைக்கு ஒரு மீன்காரம்மா, 'இதுக்கா அலையுறீங்க'ன்னு கூறு கூறா அள்ளிப் போட்டுச்சு. மழை விட்டா இப்படித்தான் செவந்து வருமாம். வாங்க ஆளில்லாம பூனைக்குப் போடுறாங்களாம்." பையை உதறி மடித்தார். "இது உலகத்துல யாரும் பாக்காத மீனாடா?"

எனக்குக் காது சுட்டது. சாருக்குப் போன் போட்டேன். அவர் நிதானமாக, "கோடு போட்டதையும் போடாததையும் தனித்தனியா வயத்தைக் கீறிப் பாரு" என்றார். கீறினேன். கோடு போட்டதெல்லாம் ஆண். கோடு போடாததன் வயிற்றில் சினை. மழைத் தண்ணீர் வந்ததும் முட்டையிடும் பருவம், ஆண் மீன் சிவந்துகொள்ளும். முதல் வருடப் பாடம். நான் அடிக்கோடிட்டுப் படித்த பாடம், மழைக்குப் பயந்து அதுவரை வாய்க்காலில் இறங்கிப் பார்க்காத பாடம்.

"பட்டு வேஷ்டி கட்டிண்டு மணையில உக்காந்திருந்தவனைப் பார்த்து, யாரோ புது மனுஷன்னு நெனச்சுட்டே" என்று சார் சிரித்தார். "அதுக்குத்தான் அன்னிக்கே மழை விட்டு எத்தனை நாளாச்சுன்னு கேட்டேன். நீ சௌக்கியம்னு பதில் சொன்னே."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மீனைப் பொரித்திருக்காவிட்டால், அன்றைக்கே எங்கள் கூடத்தில் சார் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார். அம்மா மேல் கோபப்படக் காரணமே இல்லாமல் போயிருக்கும். அம்மா பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்.

"அப்ப எம்பேரை வைக்க முடியாதா?"

அந்த நிமிஷம் வரை, என் பட்டத்துக்காகத்தான் அம்மா மழையில் அலைந்தார் என்று நினைத்திருந்தேன். "அதுக்கு ஏற்கெனவே பேரு இருக்கும்மா" என்றேன்.

"இருந்தா இருக்கட்டும்" என்று அம்மா மீனை அள்ளினார். அள்ளும்போது நின்று, "இது படிக்கிற மீனா, பொரிக்கிற மீனா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். நான்கு நாள் வீம்பு தோசைக்கல்லில் தீர்ந்தது. மச்சான் தனியாகப் பன்னிரண்டு சாப்பிட்டார்.

கமிட்டி முன்னால் நான் புது இனம் எதையும் காட்டவில்லை. எந்த வாய்க்காலில், மழை விட்டு எத்தனையாம் நாளில் சாதாக் கெண்டை சிவக்கிறது என்று கணக்கெடுக்கப் போவதாகச் சொன்னேன். சார்தான் யோசனை சொன்னார். பிழைத்துக்கொண்டேன். இன்று நானும் ஒரு கல்லூரியில் மீன் பாடம் நடத்துகிறேன். வீட்டு ஃப்ரிட்ஜில் எதை வைத்தாலும், அது பிரியாணியே ஆனாலும், என் மனைவி முதலில் கேட்பது, "படிக்கிறதா, பொரிக்கிறதா?" தம்மாமிலிருந்து மச்சான் போன் செய்தால் முதல் கேள்வியும் அதுதான்.

போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் மீன் மார்க்கெட் பக்கம் போனேன். அம்மா அந்த நான்கு நாளும் கூடை கூடையாக, மீனுக்குத் தன் பேர் வைக்கவிருந்த கதையைச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. அந்த மீன்காரம்மா சிவப்புக் கோடு போட்ட கெண்டைகளைக் கூறு கட்டி வைத்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க! இப்பத்தான் வந்துச்சு, ஜைனம்பும்மா கெண்டை!"

நான் இரண்டு கூறு வாங்கிக்கொண்டு வந்தேன்.