அப்பா குத்திய ஊக்குகள்

மரியாதைக்குரிய லவோன் அத்தைக்கு,

கிறிஸ்டா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், நாய் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்காலும், கார் ஷெட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் போர்வை தைக்கும் உங்கள் நீளக்கை மெஷினும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்துத் தரச் சொல்லி நாங்கள் அனுப்பி, நீங்கள் தைக்காமல் திருப்பி அனுப்பிய ஒட்டுப்போர்வை வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே உங்கள் போன் வந்துவிட்டது. "ஏண்டி, மூணு துணியையும் சேத்துவெச்சு ஊக்கு குத்தி அனுப்பினா நான் மெஷின் உருளையில எதை மாட்டறது? மேல்துணி தனி, பஞ்சு தனி, அடித்துணி தனியா வரணும்னு அயோவாவுல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எந்த முட்டாள் குத்துனது?" என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். தெரியும். உங்கள் தம்பிதான்.

பன்றி ஆலையில் வெட்டும் மெஷின் அப்பாவின் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டதும், ஆலை மீதி ஆளை வெளியே அனுப்பியதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகு அவர் செய்த ஒரே வேலை இந்த ஊக்குகளைக் குத்தியதுதான். அவருடைய பழைய ஃபிளானல் சட்டைகளை வெட்டி அம்மா மேல்துணி தைத்து முடித்த அன்று, "குத்தற வேலைய எங்கிட்ட விடு கேரல்" என்று கூடத்தில் விரித்து முட்டி போட்டு உட்கார்ந்தார். அந்தக் கையால் ஒரு ஊக்கைப் பூட்டுவதற்குள் நான் ஒரு காபி குடித்துவிடலாம். உதவிக்குப் போனால், "ஒன் வேலையப் பாரு கழுதை." முடித்ததும் போர்வையைத் தூக்கி உதறிக் காட்டினார். "பாரு, இம்மி நகராது. கவுன்டி கண்காட்சியில போர்வை பக்கத்துல செஞ்சவங்க பேர் போட்டு அட்டை வெப்பாங்கல்ல, அதுல எம்பேரும் இருக்கணும்." ஆலையை விட்ட பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அந்த முகத்தைப் பார்த்து, உங்க அக்கா மெஷினுக்கு இது ஆகாதுன்னு எப்படிச் சொல்றது? வாயை மூடிக்கொண்டு கட்டி அனுப்பினேன்.

அதனால் போர்வை திரும்பி வந்ததையே மறைத்தோம். சமையலறை மேசையில் விரித்து ஊக்கைக் கழற்ற ஆரம்பித்தால் உடனே அவருக்குக் காபி வேண்டும். காலடிச் சத்தம் கேட்டதும் அம்மா போர்வையை நாற்காலியில் சுருட்டிப் போட்டு மேலே உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் ஒரு ஊக்கு திறந்துகொண்டது. "என்னாச்சு, மூஞ்சி இப்படிப் போகுது?" "முதுகுப் பிடிப்பு." "எழுந்திரு, நீவி விடறேன்." "வேணாம், உக்காந்திருந்தாத்தான் சுகமா இருக்கு." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது அவளுக்கு. நீங்கள் வேறு அடித்துணி சுற்றிலும் அரைச் சாண் கூடுதலாக வேண்டும் என்றீர்கள், கூடத்து ஜன்னல் திரையை வெட்டி எடுத்து வைத்தோம், இப்போ தெருவுல போறவன் எல்லாம் நாங்க என்ன சாப்பிடறோம்னு பாத்துட்டுப் போறான். கரை அலையடிக்குது, தேய்ச்சு சமமாக்குன்னீங்க, தேய்ச்சதுல அலை இன்னும் பெரிசாச்சு.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நேற்று கடையில் திருமதி ஹால்வர்சனைப் பார்த்தேன். அப்பாவை வெளியே அனுப்பிய மேனேஜரின் மனைவி. "உங்க அத்தை தங்கமானவங்கம்மா. என் போர்வையும் ஊக்கோடதான் போச்சு. அவங்களே கழட்டிக்கிட்டாங்க. தையல் வரிசையில உங்க முறை காலியாச்சாம், கண்காட்சிக்கு முன்னாடியே தெச்சுத் தர்றேன்னுட்டாங்க" என்றார்.

அந்த ஊக்கைக் கழட்ட உங்களுக்குக் கை வந்துச்சு. சொந்தத் தம்பி குத்தினதுன்னா மட்டும் முட்டாளா? எங்க முறை எப்படிக் காலியாச்சு அத்தை? நீங்க காலி பண்ணினீங்க. ஆகவே போர்வை இனி உங்களிடம் வராது. ஊக்கோடயே கட்டிலில் விரித்துப் படுத்துக்கொள்கிறோம். குத்தினாலும் எங்களைத்தானே குத்தும்.

உங்கள் மெஷின் நூல் அறாமல் பெரிய மனிதர்களுக்காக நீடூழி ஓடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்
கிறிஸ்டா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்பா காபி டப்பாவோடு வந்து நின்றார். உள்ளே போர்வையில் குத்திய எல்லா ஊக்கும் இருந்தது, அவரே கழற்றியிருக்கிறார். "ஒங்க அத்தை போன்ல கத்துனது கொட்டகை வரைக்கும் கேட்டுச்சு." ஏன்ப்பா சொல்லல என்றேன். "நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ பாடுபட்டு ஒளிச்சீங்க. கெடுக்க மனசு வரல. மெஷினு கேக்கற மாதிரிதான் குடுக்கணும். ஆலையில மெஷின விட்டுட்டு மேனேஜர் கேக்கற வேகத்துல குடுத்தேன்" என்று கையைப் பார்த்துக்கொண்டார்.

மேலே எழுதியதைக் கிழிக்கச் சொன்னார். கிழிக்கவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் மூட்டை இத்துடன் வருகிறது, மூன்று துணியும் தனித்தனியாக. மேல்பக்கம் எதுவென்று தெரிய ஒரே ஒரு ஊக்கு குத்தி அனுப்பச் சொல்வீர்களே, அதை அவரே குத்தியிருக்கிறார். கழற்றும்போது அவசரப்படாதீர்கள். அவர் அதைப் பூட்டி முடிப்பதற்குள் என் காபி ஆறிவிட்டது.