ஐந்து புள்ளியில் தோற்க வைத்த வரிசை சார்

பிள்ளைகளே, உலகத்தில் ஜெயித்துக் காட்டியவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். தோற்பதற்கு வழி காட்டி, தோற்றவர்களைத் துள்ளிக் குதிக்க வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவரோடு நான் ஒரே வீட்டில் குடியிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். பிரெஞ்சு பேசும் பனி ஊரான சென்ட் லோரன்ட்டில் ஒரு வாடகை வீடு. கிடங்கில் பெட்டி அடுக்குகிற நான், தொழிற்சாலையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து ராசன், கல்லூரியில் கணக்கு வாத்தியாரான அவர் என்று மூன்று பேர். அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் வரிசை சார்.

எதிலும் யார் முதல், யார் அடுத்து என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இரண்டு பேர் சமமாக நின்றால் போதும், மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிடும். காலையில் நானும் அவரும் ஒரே நேரத்தில் துண்டோடு குளியலறை வாசலில் போய் நிற்போம்.

"இருப்பா, இருப்பா. சமமா வந்திருக்கோம். போன வாரம் நம்ம ரெண்டு பேர்ல யார் அதிக நாள் முந்தினது? மூணுக்கு மூணா? சரி, யார் கம்மி நிமிஷம் குளிச்சதுன்னு பார்ப்போம்" என்று நோட்டைப் புரட்டுவார்.

"சேர், நீங்க ஆறுதலாக் கணக்குப் பாருங்கோ. நான் குளிச்சிட்டு வாறன்" என்று ராசன் நடுவில் புகுந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவான். கணக்கு முடியும்போது வெந்நீரும் முடிந்திருக்கும்.

"காசைச் சுண்டிப் பார்த்துடலாமே சார்?" என்று ஒருநாள் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்தப் பைத்தியம் அவருக்குக் கூடைப்பந்தில்தான் முற்றியது. அவருடைய கல்லூரியோடு சேர்த்து ஆறு கல்லூரிகள். பனிக்காலம் முழுக்க ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு முறை மோதும். அதிகம் ஜெயித்த நான்கு அணிகளுக்குத்தான் கடைசிப் போட்டித்தொடரில் இடம். அதில் முதலாவது அணி நான்காவதோடு ஆடும், இரண்டாவது மூன்றாவதோடு ஆடும். இரண்டு அணிகளுக்கு வெற்றிக் கணக்கு சமமாக வந்தால் யாரை மேலே போடுவது? அவர்கள் இருவரும் மோதியதில் ஜெயித்தவரை. ஆளுக்கு ஒன்று ஜெயித்திருந்தால்? அந்த இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து அதிகப் புள்ளி எடுத்தவரை. அதுவும் சமமா? அப்போதுதான் காசைச் சுண்ட வேண்டும். இந்த விதித்தாளை சார் பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

ஒருமுறை சாருடைய கல்லூரிப் பையன் பந்தை எறியப் போகும் நேரம் பார்த்து, "இன்னும் மூணு எடுத்தா நாம அஞ்சாவது!" என்று கத்தினார். பையன் திரும்பிப் பார்த்தான். பந்து போய் நம் பயிற்சியாளர் தலையில் விழுந்தது. "நோன்! இனி ஆட்டத்தின் நடுவில் வாயைத் திறந்தால் இந்த அரங்கத்துக்குள்ளேயே வரக் கூடாது!" என்று பிரெஞ்சில் கத்தினார் பயிற்சியாளர். குடும்பத்தை மதுரையில் விட்டுவந்த சாருக்குக் குளிர்காலத்தில் வேறு போக்கிடம் கிடையாது. அன்றிலிருந்து கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டுதான் ஆட்டம் பார்த்தார்.

தொடருக்கு முந்திய கடைசி ஆட்டத்துக்குப் பேருந்தில் போகும்போது சார் சொன்னார்: "இவங்களை முதல் ஆட்டத்துல நாம ஆறு புள்ளியில ஜெயிச்சோம். இன்னைக்கு அவங்க ஜெயிச்சா வெற்றிக் கணக்கு சமம். ஆனா நாம அஞ்சுக்குள்ள தோத்தா நாலாவது இடம் நமக்குத்தான். ஆறுன்னா காசு சுண்டணும். ஏழுன்னா மூட்டை கட்டணும்."

"உந்தக் கணக்கைக் கோச்சிட்டச் சொன்னீங்களோ சேர்?" என்று ராசன் கேட்டான்.

"நேத்துப் போனேன்ப்பா. என்னைக் கண்டதும் கதவைச் சாத்திட்டார்."

கடைசி இருபது விநாடி. ஐந்து புள்ளி பின்தங்கியிருக்கிறோம். பந்து அவர்களிடம். நம் பயிற்சியாளர், "இடி! அவனை இடி!" என்று கத்துகிறார். இடித்தால் கடிகாரம் நிற்கும்; ஆனால் அவர்களுக்குத் தடுப்பாரில்லாமல் இரண்டு எறி கிடைக்கும். ஒன்று விழுந்தால் ஆறு. இரண்டும் விழுந்தால் ஏழு!

சார் எழுந்தார். ராசன் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தான். கோட்டு மட்டும் அவன் கையில் நின்றது. ஆடுகளத்து ஓரத்துக்கு ஓடிய சாருக்கு இங்கிலீஷும் பிரெஞ்சும் ஒன்றாக மறந்துபோயின. "தொடாதீங்கடா! யாரும் தொடாதீங்க!" என்று தமிழில் அலறினார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக இப்படியும் அப்படியும் நடந்தார். எல்லைக்கோட்டை மட்டும் மிதிக்கவில்லை. விதி தெரிந்தவரல்லவா!

அணித்தலைவன் சாரிடம் கணக்குப் படிக்கிறவன். ஒரு கணம் பார்த்தான், கையைப் பின்னால் கட்டினான். மற்ற நால்வரும் கட்டினார்கள். ஆறடிப் பையன்கள் ஐந்து பேர், வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் மாதிரி நின்றார்கள். பந்தை வைத்திருந்தவன் மிரண்டுபோய் நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்த ஊதல் ஒலித்தது.

ஜெயித்தவர்கள் குதித்தார்கள். நம் பயிற்சியாளர் முகம் சிவக்க வந்து சாருக்கு வாசலைக் காட்டினார். "வெளியே! இனி வராதே!"

சாருக்குக் குரல் போய்விட்டிருந்தது. விதித்தாளை நீட்டினார். பயிற்சியாளர் படித்தார். விரலை மடக்கி எண்ணினார். மறுபடி படித்தார். அப்புறம் ஒரு கூச்சல் போட்டு சாரைக் கோணிமூட்டை மாதிரி தோளில் தூக்கினார். தோற்ற பையன்கள் கூத்தாடினார்கள். ஜெயித்தவர்களுக்குள் தாள் கைமாற மாற ஒவ்வொருவராக ஆட்டத்தை நிறுத்தினார்கள். கடைசிவரை ஆடியது அவர்களுடைய மேளக்காரர் மட்டும்தான். அவர் கைக்குத் தாள் போகவில்லை.

போட்டித்தொடரின் முதல் ஆட்டத்திலேயே முப்பத்தொரு புள்ளியில் தோற்றோம். சார் அதைப் பயிற்சியாளர் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தார்.

தூக்கிக் கொண்டாடிய அந்த நாளில், வீடு திரும்பும் வழியெல்லாம் அவரால் ஒரு எண்ணும் சொல்ல முடியவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டே வந்தார். வெளியே பனி கொட்டியது. நானும் ராசனும் பேருந்தில் அவரை நடுவில் உட்கார வைத்து, குளிர் படாமல் இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம்.