இரண்டாவது ஆள்

சிரம்பானிலிருந்து வந்த கடிதத்தைக் குணலட்சுமி மூன்று தரம் வாசித்தாள். மூன்று தரமும் அதிலே அதே விஷயந்தான் இருந்தது.

"நீர் அனுப்பும் ஒவ்வொரு உறைக்குள்ளும் இரண்டு கடதாசிகள் வருகின்றன. இரண்டும் இரண்டு பேருடைய எழுத்து. ஒரு வருடமாகப் பொறுத்துப் பார்த்தேன். இனிப் பொறுக்க இயலாது. அந்த இரண்டாவது ஆள் யார்?"

எதிரே மாமியார் விசாலாட்சி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமிக்கு எழுத்து வாசிப்பு இல்லை. மலாயாவிலிருந்து மகன் எழுதுவதை மருமகள் வாசிக்க, கேட்டுக் கண்ணைத் துடைப்பதுதான் வழக்கம். இன்றைக்கும் சேலைத் தலைப்பைக் கையில் ஆயத்தமாய் வைத்திருந்தாள்.

"என்னவாம் பிள்ளை?"

"சுகமாம் மாமி."

"இவ்வளவு நேரமாய் வாசிக்கிறாய். சுகம் மட்டுந்தானோ?"

"நல்ல சுகமாம் மாமி."

இரண்டாவது ஆள் என்று ஒருவரும் இல்லை. இருந்ததெல்லாம் குணலட்சுமியின் இடக்கைதான்.

பிறந்த நாள்தொட்டு எதற்கும் அந்தக் கைதான் முந்திக்கொண்டு வரும். மூன்று வயதிலே, வீட்டுக்கு வந்த ஒரு பெரியவருக்கு அவள் இடக்கையால் வெற்றிலைத் தட்டத்தை நீட்ட, அவர் வெற்றிலை போடாமலே எழும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து தாய் அந்தக் கையில் வேப்பெண்ணெய் பூசினாள். குணலட்சுமி வேப்பெண்ணெயோடு சேர்த்துச் சாப்பிடப் பழகிக்கொண்டாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் வலக்கையைத் தூக்கிப் பிடித்து, "இதுதான் சாப்பிடுகிற கை, எழுதுகிற கை, கும்பிடுகிற கை" என்றார்.

"கும்பிட ரெண்டும் வேணுமே ஐயா?" என்று கேட்டாள் குணலட்சுமி.

அடி இடக்கையில் விழுந்தது. பிறகு அந்தக் கையைச் சால்வையால், இருந்த வாங்குப் பலகையோடு கட்டிவைத்துவிட்டு, மற்றதற்கு அரிவரி படிப்பித்தார்.

பகலில் வாத்தியாருக்கு முன்னால் வலக்கை. பின்னேரம் மாட்டுக்கொட்டில் சுவரில், கரித்துண்டோடு இடக்கை. இப்படி இரண்டும் எழுதப் படித்தன. ஆனால் ஒன்றின் எழுத்து மற்றதற்கு வரவில்லை. வலக்கை எழுத்து, பக்கத்தில் வாத்தியார் நிற்பதுபோல, குண்டு குண்டாய் நிமிர்ந்து நிற்கும். இடக்கை எழுத்து காற்றடித்த நெல்லுப்போலச் சரிந்து ஓடும்.

கலியாணத்தன்று தாய் காதுக்குள் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். "இணுவிலிலை, புகுந்த வீட்டிலை போய் உந்தக் கையை வெளியிலை எடுத்துப் போடாதை."

தில்லைநாதன் சிரம்பானில் ரயில்வே கிளார்க். இரண்டு மாத லீவில் வந்து, தாலி கட்டிவிட்டு, திரும்பக் கப்பலேறினான். அந்த இரண்டு மாதமும் குணலட்சுமி கையை ஒளித்தே காலத்தைக் கடத்தினாள். கடிதம் எழுதும்போதும் மாமி எதிரே இருந்து சொல்லச் சொல்ல, முதல் கடதாசியை வலக்கையால் எழுதுவாள்: "இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்குக் கந்தசுவாமியாரைப் பிரார்த்திக்கிறோம்." பிறகு அடுப்பெரியும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டாவதை இடக்கையால் எழுதுவாள்: "கறுத்தப் பசு மாமியின் சேலைத் தலைப்பைச் சப்பிப்போட்டுது. ரெண்டு நாளாய் மாமி பசுவோடை கதையில்லை. நீங்கள் போன பிறகு இந்த முற்றம் தேவையில்லாமல் பெரிசாய்க் கிடக்குது."

இதுதான் நடந்தது. ஆனால் இதை எந்தக் கையால் எழுதுவது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

யோசித்து, மரியாதையான கையாலேயே எழுதினாள். "தாங்கள் குறிப்பிட்டபடி இரண்டாவது ஆள் ஒருவரும் இங்கு இல்லை."

ஒரு மாதத்தில் பதில் வந்தது. "முதலாவது ஆள் மறுத்து எழுதியிருக்கிறார். கண்டுகொண்டேன். இரண்டாவது ஆள் ஏன் வாய் திறக்கவில்லை?"

குணலட்சுமி குசினிக்குள் ஓடினாள். இடக்கையால் உள்ளதை உள்ளபடி எழுதினாள். "ரெண்டு ஆளும் நான்தான். அது வலக்கை, இது இடக்கை. மாமிக்குத் தெரியாது. சொல்லிப்போடாதையுங்கோ."

அதற்கும் பதில் வந்தது. "இரண்டாவது ஆள் தானும் நீர்தான் என்கிறார். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்றும் சொல்கிறார். இந்தச் சரிந்த எழுத்து ஒரு ஆண்பிள்ளையின் எழுத்து என்று இங்கே பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஊரில் மதிப்பான ஒருவரிடம் அத்தாட்சி வாங்கி அனுப்பும்."

அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்ச நேரம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் இரண்டு கைகளையும் மடியில் போட்டுப் பார்த்தாள். இரண்டும் தன்னுடையவை போலத்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை, கோயிலுக்கென்று சொல்லிவிட்டு ஊர்த் தலைமைக்காரரான விதானையார் அருளம்பலத்தின் வீட்டுக்குப் போனாள்.

"என்ன பிள்ளை, காணிப் பிரச்சினையோ?"

"இல்லை ஐயா. கைப் பிரச்சினை."

"அதுக்குப் பரியாரியாரிட்டை எல்லோ போகவேணும்?"

குணலட்சுமி விஷயத்தைச் சொல்லி, அவருக்கு முன்னாலேயே ஒரு கடதாசியில் இரண்டு கையாலும் எழுதிக் காட்டினாள். இடக்கை எழுதத் தொடங்கியதும் விதானையார் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆனால் மனிதர் நல்லவர். மறுக்காமல் அத்தாட்சி எழுதி முத்திரையும் குத்தினார்.

"மேற்படி குணலட்சுமியிடம் இரண்டு பேர் இல்லையென்றும், உள்ளது ஒரேயொருவரே என்றும், அவரை நான் நேரிற் கண்டேன் என்றும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."

குணலட்சுமி அதை வாசித்துவிட்டு விழித்தாள். "ஐயா, கை எண்டு ஒரு இடத்திலையும் இல்லையே?"

"பிள்ளை, முத்திரை குத்தின கடதாசியிலை ஒரு குடும்பப் பெண்ணுக்கு இடக்கை எண்டு எழுதலாமோ? உம்மடை மானத்தைக் காப்பாத்தியிருக்கிறன். கொண்டுபோம்."

இதற்குக் கடிதம் வரவில்லை. தந்தி வந்தது.

தபால்காரர் செல்வரட்ணம் சைக்கிளை வாசற் படலையில் சாத்திவிட்டு, முற்றத்தில் நின்று இங்கிலீசைத் தமிழாக்கினார். "கப்பல் ஏறுகிறேன். அந்த ஒருவரை வீட்டில் நிற்கச் சொல்லவும்."

"எந்த ஒருவரை?" என்றாள் மாமி.

குணலட்சுமி பதில் தேடி முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். தென்னை மரந்தான் கண்ணில் பட்டது. "தேங்காய் பிடுங்கிறவராய் இருக்கும் மாமி."

"அதுக்கு ஏன் தந்தி அடிக்கிறான்?"

"இளநீர் குடிச்சுக் கனகாலமாம் மாமி."

மாமியின் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே ஆளனுப்பித் தேங்காய் பிடுங்குகிறவரைக் கூப்பிட்டு, மகன் வருகிற நாளில் அசையாமல் வந்து நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அந்த மனிதரும் சொல்லுத் தவறவில்லை. தில்லைநாதன் வண்டிலால் இறங்கிப் படலையைத் திறந்தபோது, முற்றத்தின் நடுவில் நல்ல உடம்போடு ஒரு ஆண்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

தில்லைநாதனின் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது.

"நீரோ அந்த ஆள்?"

"ஓம் ஐயா. உங்களுக்காகத்தான் காலமை தொடக்கம் நிக்கிறன்."

"எவ்வளவு காலமாய் இஞ்சை வந்து போறீர்?"

"மாசத்துக்கு ஒருக்கால் வருவன் ஐயா. கலியாணத்துக்கு முந்தியே பழக்கந்தான்."

"கலியாணத்துக்கு முந்தியோ!"

"என்னை வரச்சொல்லிறதே உங்கடை அம்மாதானே ஐயா."

தில்லைநாதன் தாயைப் பார்த்தான். தாய், மகன் இளைத்துப்போனான் என்று அழுதுகொண்டிருந்தாள். அவன் சட்டைப்பையிலிருந்து பேனையை உருவி அந்த மனிதரின் கையில் திணித்தான். "எழுதும். என்ரை கண்ணுக்கு முன்னாலை எழுதும்!"

அவர் பேனையை மூடியிலிருந்து முனைவரைக்கும் பார்த்தார். "எனக்கு மரம் ஏறத்தான் தெரியும் ஐயா. இதை என்ன செய்யிறது?"

 தில்லைநாதனுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. மாமிக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை.

குணலட்சுமி குசினி வாசலிலிருந்து வெளியே வந்தாள். ஒரு வருடத்துப் பயம் அவளுக்கு அந்த நேரத்தில் அலுத்துப்போயிற்று. பேனையை வாங்கினாள். கீழே விழுந்திருந்த பெட்டியின் மேலே கடதாசியை வைத்து, வலக்கையால் எழுதினாள்: "இங்கு யாவரும் க்ஷேமம்." பேனையை மாற்றினாள். எல்லாரும் பார்க்க இடக்கையால் எழுதினாள்: "இங்கு ஒருவரும் க்ஷேமமில்லை."

"ஐயோ! இடக்கை!" என்று மாமி நெஞ்சில் கை வைத்தாள். "பிள்ளை, இவ்வளவு நாளும் எனக்குச் சோறு போட்டது எந்தக் கை?"

"வலக்கை மாமி."

"தேங்காய் திருவினது?"

"மற்றது மாமி."

"அப்ப அந்தச் சம்பல்?"

குணலட்சுமி தலையைக் குனிந்தாள். "ரெண்டும் மாமி."

"அந்தச் சம்பலை எல்லோ நான் ஊர் முழுக்கப் புகழ்ந்துகொண்டு திரிஞ்சனான்!" மாமி இருந்த இடத்திலேயே கன்னத்தில் கை வைத்து யோசிக்கத் தொடங்கினாள். கோபிக்கிறதா, இனியும் அந்தச் சம்பலைத் தின்னுகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

தில்லைநாதன் இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் மெல்ல இளகியது. ஆனால் கடல் கடந்து வந்துவிட்டு உடனே தோற்றுப்போக மனம் வரவில்லை.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். ரெண்டு கையாலும் சொன்னனான்."

"எண்டாலும் ஒரு ஆளுக்கு ஒரு எழுத்துத்தான் இருக்கவேணும். எழுத்து எண்டது ஆளின்ரை முகம். ரெண்டு முகத்தோடை ஒருத்தி கடிதம் எழுதினால் மனிசன் என்னெண்டு நம்பிறது?"

"வலக்கையாலை எழுதினால் வாத்தியார் சொன்னதுதான் வருகுது," என்றாள் குணலட்சுமி.  "நான் நினைக்கிறது மற்றக் கையிலைதான் வருகுது. அதுக்கு நான் என்ன செய்ய?"

தில்லைநாதன் ஓரடி கிட்ட வந்தான். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உம்மடை கடிதத்திலை எனக்குப் பிடிச்சதும் அந்த ரெண்டாவது ஆளைத்தான். அதுதான் கூடக் கோவம் வந்தது," என்றான்.

மாமிக்கு மகன் இவ்வளவு கெதியில் இறங்கிப்போனது பிடிக்கவில்லை. உள்ளே போய், அவன் அனுப்பிய கடிதங்களைக் கட்டோடு கொண்டுவந்து மருமகளுக்கு முன்னால் விரித்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கண் இருக்குது. பார், என்ரை பிள்ளையின்ரை எழுத்தை! முத்துக் கோத்த மாதிரி. முதலாம் கடிதத்திலை இருந்து கடைசிக் கடிதம் மட்டும் ஒரே எழுத்து. அவனும் மனிசன்தானே? நீயும் இருக்கிறியே!"

தில்லைநாதன் அடக்கமாய்ச் செருமிக்கொண்டான். குணலட்சுமி அந்த முத்தெழுத்துகளைப் பார்த்தாள். உண்மைதான். ஒரு எழுத்துக்கூடச் சரியவில்லை. அவளுக்கு முதல்முறையாகத் தன்மேலேயே வெட்கமாய் இருந்தது.

அந்த நேரத்தில் படலையில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் செல்வரட்ணம் ஒரு உறையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி முற்றத்துக்கு வந்தார்.

"தம்பி, சிரம்பானிலை இருந்து உங்களுக்குத்தான் கடிதம். முன்னாலை விலாசம், ஒரு வருஷமாய் இந்த வீட்டுக்கு நான் கொண்டுவந்து குடுக்கிற உங்கடை அதே எழுத்து. பின்னாலை, அனுப்பினவர் ஆரோ செபநாயகமாம்," என்றார். "என்ன தம்பி, வரேக்கை எழுதிற கையை மட்டும் அங்கையே விட்டிட்டு வந்திட்டியளோ?"