மழமழப்பாக இருந்த குற்றம்

கையால் செய்த பொருளுக்குக் கைதான் மூலம் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட உண்மை. அதற்கென்று ஓர் அலுவலகமும், அதில் ஒரு சான்று அதிகாரியும் உண்டு.

பாலிமர் களிமண்ணில் தோடு செய்கிற அந்தப் பெண் செய்த ஒரே தவறு, தோட்டை ஒழுங்காகத் தேய்த்ததுதான். சுட்டு எடுத்தபின் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சொரசொரப்பானதில் தொடங்கி நைசானது வரை ஐந்து தாள் மாற்றித் தேய்ப்பாள். பிறகு பழைய ஜீன்ஸ் துணியால் மெருகேற்றுவாள். ஆறு மாதம் மாடாக உழைத்து இருநூறு ஜோடி சேர்த்திருந்தாள். சான்றிதழ் இல்லாமல் கண்காட்சியில் கடை கிடையாது. கடை இல்லாவிட்டால் அத்தனையும் வீண்.

அதிகாரி ஒரு தோட்டைத் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"கைரேகை எங்கம்மா?"

"ரேகை தெரியக்கூடாதுன்னுதானே சார் தேய்க்கிறோம்?"

"அப்ப ஆதாரத்தை அழிச்சதை ஒத்துக்கறீங்க." அதை எழுதியும் கொண்டார்.

"என் கையைப் பாருங்க சார், எப்படித் தேஞ்சு கெடக்குன்னு!"

"கைக்குச் சான்றிதழ் குடுக்கறது வேற டிபார்ட்மென்ட்."

ஆனாலும் இளகிய மனசுக்காரர். "சுடாத மண்ணு கொண்டாங்க. என் முன்னாடி ரேகை வைங்க. அதைத் தோட்டுக்குப் பின்னாடி ஒட்டிச் சுட்டுக்கலாம்" என்றார்.

மறுநாள் அவள் மேஜைமேல் மண் உருண்டையை வைத்துப் பெருவிரலை அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, ஒரு கோடுகூட விழவில்லை. பதினோரு வருஷ உப்புத்தாள் தோட்டை மட்டுமா தேய்த்திருந்தது!

"அழுத்துங்கம்மா!"

"அழுத்தறேன் சார்!"

"இப்படி!" என்று அவரே அழுத்திக் காட்டினார். அச்சடித்த மாதிரி ரேகை விழுந்தது. இருபது வருஷ அரசுப் பணியில் ஒரு கோடும் தேயாத விரல் அது.

ரேகை இயந்திரத்துக்குப் போனது. செய்தவர் யார் என்று இயந்திரம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அதிகாரி பெருமூச்சு விட்டார். "விதியை மீற எனக்கு அதிகாரம் இல்லம்மா" என்று சான்றிதழைத் தன் பெயருக்கு எழுதி, தானே கையெழுத்திட்டு, தானே வாங்கிக்கொண்டார். அவளுக்கு உதவியாளர் அட்டை கிடைத்தது.

கண்காட்சியோ நாளை மறுநாள். அவள் நானூறு உருண்டை உருட்டி வைத்தாள். அவர் வரிசையாக அழுத்திக்கொண்டே வந்தார்.

"விரல் வலிக்குதும்மா. கைவேலைன்னா லேசு இல்ல" என்றார் நாற்பதாவது உருண்டையில்.

கண்காட்சியில் முதலில் வந்த பெண்மணி, தோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முன்பின்னாக மாட்டிக்கொண்டாள். "பளபளன்னு இருக்கற பக்கம் பாத்தாலே மெஷின்னு தெரியுது. இந்தப் பக்கம்தான் மனுஷன் கை பட்டிருக்கு. எவ்வளவு உழைப்பு!"

பக்கத்தில் நின்றவள் அதைப் பார்த்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் ஊரே பளபளப்பைக் கழுத்துப் பக்கம் திருப்பி, அதிகாரியின் பெருவிரலைக் காதில் ஆட்டிக்கொண்டு நடந்தது. அவர் அடக்கமாகக் கை கட்டி நின்றார்.

"உள்பக்கத்தை எதுக்கு இப்படித் தேய்க்கறீங்க? வீண் வேலை" என்றாள் ஒருத்தி.

"ஆமாங்க, வீண் வேலைதான்" என்ற உதவியாளர் அட்டைக்காரி, கண்ணாடியைத் துடைத்து நீட்டிவிட்டு, அடுத்தவளுக்குத் தோட்டைத் தானே திருப்பி மாட்டிவிட்டாள்.