அப்படியே டீச்சருக்கு வழி

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன்.

எழுதியிருப்பதை அப்படியே நம்பி நடக்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அச்சன்புதூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த தூத்துக்குடி டீச்சர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'அப்படியே டீச்சர்'.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவர் சொன்னது இதுதான்: "உங்க வீட்டுக்கு வழி எழுதிக் குடுங்க. வாரேன்." தினமும் சாயங்காலம் ஒரு தாளோடு என் ஆட்டோவில் ஏறுவார்.

முதல் தாள் பாத்திமாவுடையது. 'பள்ளிக்கூடத்தில் இருந்து நேராக வந்தால் எங்கள் வீடு.' ரோடு வளைந்தது. நேரே நடவு வயல். டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார்.

"டீச்சர், ரோடு இங்கன போவுது!"

"திரும்பச் சொல்லி எழுதலையே அண்ணாச்சி!"

நடவு நட்ட பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "யாருட்டி அது, கொக்கு மாதிரி வாரா?"

செல்வம் 'செவலை மாடு நிற்கிற வீடு' என்று எழுதியிருந்தான். மாடு கால்வாய்க் கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் அதன் பக்கத்தில் போய் நின்றார். அது வீடு திரும்புகிற வரைக்கும் பின்னாலேயே நடந்தார். அவருக்குப் பின்னால் நான், ஆட்டோவை உருட்டிக்கொண்டு.

"ஏலே, டீச்சரை மாட்டுக்குப் பொறத்தால நடக்க வச்சிட்டியேலே!" என்று செல்வத்தின் அம்மா விளக்குமாற்றைத் தேடினாள்.

அதற்குப் பிறகுதான் அதிசயம். பசுவைப் பற்றி நாலு வரி எழுத அழுத பிள்ளைகள், டீச்சர் கால்வாயில் விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு பக்கம் எழுதின. பாத்திமா திரும்ப எழுதினாள்: 'முதலில் வயல் வரும். இறங்க வேண்டாம். சோறு தின்கிற கைப்பக்கம் திரும்புங்கள். தெருநாய் குரைக்கும். மணி என்று கூப்பிட்டால் வாலாட்டும்.'

திரும்பினோம். குரைத்தது. கூப்பிட்டோம். வாலாட்டியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கடைசி நாள் டீச்சர் பேனாவை என்னிடம் நீட்டினார். "அண்ணாச்சி, உங்க வீட்டுக்கும் வாரேன். வழி எழுதிக் குடுங்க."

"எதுக்கு டீச்சர்? ஆட்டோவுலயே கூட்டிட்டுப் போயிருதேன்."

"எழுதித் தந்தாத்தான் வருவேன்."

பேனாவை வாங்கினேன். ஒரு எழுத்துப் போட்டேன். பாத்திமாவின் எழுத்தே இதைவிட அழகு. "வீட்ல யாரும் இல்ல டீச்சர், கல்யாணத்துக்குப் போயிருக்காவ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசி நாள் டீச்சரைக் கூட்டி வருவேன் என்று காலையிலேயே சொல்லியிருந்ததால், வீட்டில் என் மனைவி அவருக்காகச் சுசியம் சுட்டு வைத்துக் காத்திருந்தாள்.

டீச்சர், இதை நீங்கள் வாசித்தால்: குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் இறங்குங்கள். ஐந்தருவி ரோட்டில் நடங்கள். ரோடு வளைந்தால் நீங்களும் வளையுங்கள். குரங்கு வந்தால் பையை மறைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பாலம் தாண்டி, சோறு தின்கிற கைப்பக்கம் மூன்றாவது வீடு. சாரலில் படி வழுக்கும், மெதுவாக ஏறுங்கள். கதவு பச்சை. நீங்கள் வருகிற வரைக்கும் வேறு நிறம் அடிக்க மாட்டேன்.

ஆனி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.