சுவரில் மூன்று சித்தப்பாக்கள்

மதிப்புமிக்க சித்தப்பாவுக்கு,

என் அம்மாவின் முகத்தின் மேல் உங்கள் முகத்தை ஒட்டியிருக்கிறீர்கள். மற்றபடி இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இருமலும் நலமாக வளர்ந்து வருகிறது. தேர்தல் அலைச்சலில் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஆலை வாசல் சுவரைத்தான் சொல்கிறேன். தீப்பிடிப்பதற்கு முந்தைய வருஷம் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வாசலில் உட்கார்ந்தார்களே, அன்றைக்குப் படம் எடுத்தது நீங்கள், போஸ்டர் அடித்தது நீங்கள், பசை வாளியோடு போய் ஒட்டியதும் நீங்கள். முன்வரிசையில் அம்மா, ஆலையின் நீலக் கோட்டில், நெஞ்சில் டோக்கன் எண்ணோடு. அப்போது உங்களுக்குக் கட்சியும் இல்லை, தொப்பையும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் தீ விபத்து விசாரணை நடக்கிறது. செத்தது ஒன்பது பேர் என்கிறது ஆலை. பத்தாவதாக எரிந்த அம்மா அங்கே வேலையே பார்க்கவில்லையாம். எரிவதற்கென்றே உள்ளே போனாள் போலிருக்கிறது. டோக்கனும் கோட்டும் அவளோடு போய்விட்டன. மற்ற போஸ்டர்களை ஆலைக்காரர்கள் அன்றே கிழித்துவிட்டார்கள். வாசலில் இருந்ததை மட்டும் கிழிக்கவிடாமல் காப்பாற்றியது நீங்கள்தான், மேலே ஒட்டி.

அதனால் வெந்நீரும் சுரண்டுகிற தகடுமாகப் போனேன். முதலில் உங்கள் பல் உரிந்தது. இந்தத் தேர்தல் நீங்கள். அதன் கீழே போன தேர்தல் நீங்கள், வேறு கட்சி, அதே சிரிப்பு. அதற்கும் கீழே சுயேச்சையாக, கொஞ்சம் இளைத்து, இன்னொரு நீங்கள். வாட்ச்மேன் வந்து, "எதிர்க்கட்சியாம்மா?" என்று கேட்டார். அண்ணன் மகள் என்றேன். "அதானே பார்த்தேன், சொந்தக்காரங்கதான் முதல்ல கிழிப்பாங்க" என்று போய்விட்டார். அதற்குள் உங்கள் கட்சிப் பையன்கள் வந்து என்னை ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். வேட்பாளரின் மூக்கு, வலது கன்னம் சேதம் என்று புகார் எழுதினார்கள். அப்பா இருமிக்கொண்டே வந்தார். "அவன் என் தம்பி சார். அவன் மூஞ்சியக் கிழிக்க எங்களுக்கு இல்லாத உரிமையா?" என்றார். ஸ்டேஷனே சிரித்தது, அப்பா சிரிக்கவில்லை. விட்டுவிட்டார்கள்.

மறுபடி சுவருக்குப் போனேன். போராட்டத்தில் வெறும் மாவுப் பசைதான், காசில்லை. உங்கள் தேர்தல் பசையிலோ, எதிரி உரிக்கக்கூடாதென்று தச்சர் கோந்து கலக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இழுத்தபோது அம்மா சுவரை விட்டுவிட்டு உங்கள் முதுகோடு வந்துவிட்டாள். வெளிச்சத்தில் பிடித்தால் உங்கள் மீசைக்குள் அவள் கண் தெரிகிறது. பிரித்தால் இரண்டு பேரும் கிழிவீர்கள். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். விசாரணை அதிகாரி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"இதுல வேட்பாளர்தாம்மா தெரியறாரு."

"பின்னாடி எங்கம்மா இருக்காங்க சார்."

"அப்ப படம் எடுத்தவரே வந்து சொல்லட்டும். வர்ற வெள்ளிக்கிழமையோட செத்தவங்க பட்டியலை மூடிடுவோம்."

போன் செய்தால் உங்கள் உதவியாளர், அண்ணன் பிரச்சாரத்துல இருக்காரு என்கிறார். மேடையும் மைக்கும் ஆலை முதலாளி உபயம் என்று ஊரே பேசுகிறது. இருக்கட்டும் சித்தப்பா. வெள்ளிக்கிழமை வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மா இந்த ஆலையில் வேலை பார்த்தாள் என்று. அது போதும். தன் கையால் எனக்குச் சோறு போட்ட அண்ணி என்று மேடைக்கு மேடை சொல்கிறீர்களே, அதை விடச் சின்ன வாக்கியம்தான் இது.

சித்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஜெயிக்க வாழ்த்த மனசு வரவில்லை. நீண்ட நாள் இருங்கள், சாட்சிக்கு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் எங்கள் வீட்டுச் சுவரில் உங்கள் புதுப் போஸ்டர். 'போராளி அண்ணியின் வழியில்' என்று கும்பிடுகிறீர்கள். பக்கத்தில் அம்மா, ஒரு கிழிசல் இல்லாமல், நேற்று எடுத்தது போல. கோட்டுக்கு உங்கள் கட்சி நிறம் பூசி, டோக்கன் எண் இருந்த இடத்தில் உங்கள் சின்னத்தை வைத்திருக்கிறீர்கள். ஆக, அசல் படம் இத்தனை நாளும் உங்களிடம்தான் இருந்திருக்கிறது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். நீங்கள் வரவே வேண்டாம். சின்னம் ஒட்டாத அந்தப் படத்தைக் கொடுங்கள்.