ஈரலுக்கு நல்ல கசப்பு

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வீட்டு ஜெபமாலைக்கு வந்தவர்களுக்குப் பியர் கொடுத்து அனுப்பிய முதல் ஆளும் நான்தான். முதலாவதை அம்மா எல்லோருக்கும் சொல்வார். இரண்டாவதை ஊரே சொல்லும்.

அப்பா மீன்பிடிக்காரர். ஒருகாலத்தில் நன்றாகக் குடித்தவர். நான் உயர்தரப் பரீட்சை எழுதப் போன காலையில் மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்: மகன் கம்பஸ் படிப்புக்கு எடுபட்டால் சாராயம், கள்ளு, பியர் எதையும் இனி வாயில் வைப்பதில்லை. நான் எடுபட்டேன், அவர் நிறுத்தினார். (இதில் எது பெரிய அற்புதம் என்று எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் இன்னும் முடிவாகவில்லை.)

நான் படித்தது உணவு விஞ்ஞானம். அப்பா எந்தப் படிப்புக்காகக் குடியை விட்டாரோ, அந்தப் படிப்பைக் கட்டிக்கொண்டு வந்து நான் வீட்டில் செய்த முதல் காரியம் பியர் காய்ச்சியது.

காரணம் இருந்தது. பட்டம் வாங்கி வீட்டில் இருந்தேன். பக்கத்து வளவுப் பிலோமினா மாமி வேலிக்கு மேலால், "தம்பிக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று ஒவ்வொரு காலையும் விசாரிப்பார். அம்மா முற்றத்தை இன்னொருமுறை கூட்டுவார். அந்த நேரத்தில்தான், கொழும்பில் சிறிய அளவில் பியர் செய்யும் ஒருவர், எங்கள் பக்கத்துப் பழைய தானியங்களில் நல்ல லாகர் வகைப் பியர் ஒன்று செய்து அனுப்பினால் வேலை தருவதாகச் சொன்னார். (இதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சட்டம் வேறு பீடத்தில் படிப்பிக்கிறார்கள்.)

நானாட்டானில் ஒரு கமக்காரரிடம் மொட்டைக்கறுப்பன் நெல்லும், கொஞ்சம் குரக்கனும் வாங்கிவந்தேன். ஊறவைத்து, ஈரச்சாக்கில் முளைக்க வைத்து, முற்றத்தில் காயப் போட்டேன். கழுதைகளுக்குக் காவல் இருந்ததில் அரைவாசி தப்பியது. ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவைக் கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகன் அனுப்பினான். புது இனம். அரைத்து உருட்டிப் பச்சையாக, அச்சு அசல் முயல் புழுக்கை போல வந்து சேர்ந்தது. ஆனால் மணம் மாம்பழத் தோலும் தோடம்பழமும் சேர்ந்தது. அம்மா மோந்து பார்த்து, மூலிகையா என்று கேட்டார். பூ என்றேன். அது பொய்யில்லை.

என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டபோதும் நான் பொய் சொல்லவில்லை. "தானியங்களை நொதிக்கச் செய்து பெறப்படும் பானம் பற்றிய பரிசோதனை" என்றேன். இந்த வசனத்தை இரவிரவாகப் பாடமாக்கியிருந்தேன். அம்மா அதில் பானத்தையும் பரிசோதனையையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மகன் சத்துப்பானம் கண்டுபிடிக்கிறான் என்று கோயில் வாசலில் சொல்லிவிட்டார்.

லாகர் குளிரில் ஆறுதலாக நொதிக்க வேண்டிய சாமான். எங்கள் ஊரில் குளிர் இருக்கும் இடம் ஒன்றுதான்: மீன்பெட்டி. அப்பாவின் பழைய பெட்டி ஒன்றைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, வலை வைக்கும் வாடிக்குள் வைத்து, முளைத்த தானியத்தைக் காய்ச்சி வடித்த வாளியை அதற்குள் இறக்கினேன். ஐஸ் கரையாமல் பார்ப்பது என் பொறுப்பு என்று அப்பாவிடம் வீறாப்பாகச் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு நாளும் கரையிலிருந்து வரும்போது அவரது சைக்கிள் கரியரில் சாக்கில் சுற்றிய ஐஸ் இருக்கும். ஒன்றும் கேட்காமல் கொண்டுபோய்ப் போடுவார். மீனுக்கு மிஞ்சிய ஐஸ் என்பார். அப்பாவி மனிதன், என்ன ஏது என்று தெரியாமல் மகனுக்காகச் சுமக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒக்டோபர் வந்தது. ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் நாளுக்கு ஒரு வீடாக வரும். சனம் பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் வரும். செபம் முடிய, வீட்டுக்காரர் குடிக்கவும் கடிக்கவும் ஏதாவது கொடுக்க வேண்டும். எந்த வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்பது மாதா அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேருமுன் ஊருக்குத் தெரிந்துவிடும். எங்கள் முறை வந்தபோது லாகர் போத்தல்களில் அடைத்து முடிந்து, பெட்டிக்குள் ஐசில் படுத்திருந்தது. மறுநாள் பஸ்ஸில் கொழும்புக்குப் போகவேண்டியது.

செபத்தின்போது நான் முன்வரிசையில் முழங்காலில் இருந்தேன். பியர் நல்லபடி போய்ச்சேர வேண்டும் என்று மாதாவிடமே மன்றாடிக்கொண்டிருந்தேன். (இப்போது யோசித்தால், யாரிடம் எதைக் கேட்டேன் என்று காது சுடுகிறது.) கடைசிப் பாட்டு முடிந்து திரும்பினால், தங்கச்சி தட்டத்தோடு வந்துகொண்டிருந்தாள். தட்டத்தில் கோப்பைகள். கோப்பைகளில் பொன்னிறமாக என் எதிர்காலம்.

மகனின் சத்துப்பானத்தை ஊரும் குடிக்கட்டும் என்று அம்மா போத்தல்களைத் திறந்துவிட்டார். நுரை இல்லை. பருப்பு அவிக்கும்போது வழிக்கிற அழுக்கு என்று நினைத்து, அகப்பையால் வழித்து வெளியே ஊற்றிவிட்டாராம். கசக்கிறதென்று ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டும் வைத்திருந்தார்.

சனம் ஒரு மிடறு குடித்தது. முகங்கள் சுருங்கின. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நம்பிக்கை வந்தது. இவ்வளவு கசப்பது மருந்தாகத்தானே இருக்கமுடியும். கண்ணை மூடிக்கொண்டு மளமளவென்று விழுங்கினார்கள். செபத்தை நடத்திய சந்தியா மூப்பர் பனங்கட்டியை நக்கிவிட்டு, "கசப்பெண்டால் இதுதான் கசப்பு. ஈரலுக்கு நல்லது," என்று கோப்பையை மறுபடி நீட்டினார். பிலோமினா மாமி முழங்கால் நோவுக்கென்று இரண்டாவதில் இருந்தார்.

அம்மா வாசற்படியில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்கமுடியாது. "பிள்ளைக்கு ஒண்டும் சரிவரேல்லையோ எண்டு கேட்டனீங்களெல்லோ. குடிச்சுப் பாருங்கோ," என்று மாமியிடம் சொன்னார். அதைக் கேட்டபிறகு உண்மையைச் சொல்ல எந்த மகனுக்கு வாய் வரும்? பேசாமல் இருந்துவிடலாம், எல்லோரும் நல்ல நித்திரை கொள்ளட்டும் என்றுதான் தீர்மானித்தேன்.

அப்போது தங்கச்சி கடைசி வரிசைக்குப் போய் அப்பாவிடம் ஒரு கோப்பையைக் கொடுத்தாள். அவர் வாங்கினார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

அத்தனை வருட நேர்த்தி. அதுவும் மாதா பார்த்துக்கொண்டிருக்க, எனக்காக வைத்த நேர்த்தி, என்னாலேயே.

"அப்பா, குடிக்காதேங்கோ. அது பியர்."

செபத்துக்குக் கட்டிய ஒலிபெருக்கி இன்னும் நிறுத்தப்படவில்லை. நான் மைக்குக்குப் பக்கத்தில் நின்றேன். கரைவரை கேட்டிருக்கும்.

மூப்பர் கோப்பைக்குள் பார்த்தார். மாதாவைப் பார்த்தார். பாதி குடித்ததை நிலத்தில் ஊற்றுவது மரியாதையா, குடித்து முடிப்பது மரியாதையா என்று ஒரு கணம் தடுமாறி, முடித்தார்.

அப்பா மட்டும் அசையவில்லை. கோப்பை மூக்குக்கு நேரே நின்றது.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?" இது அம்மா.

"அவன் வாளியை மூடின அண்டைக்கே தெரியும். எனக்கு அந்த மணம் தெரியாதோ?"

"தெரிஞ்சுகொண்டோ ஐஸ் சுமந்தனீங்கள்?"

அப்பா கோப்பையைக் கதிரைக்குக் கீழே கவனமாக வைத்தார். "பிள்ளை படிச்சதைச் செய்யிறான். என்ர பெட்டியில கிடந்து பழுதாப் போகக்கூடாதெல்லோ," என்றார்.

அம்மா இறங்கி நேரே அவரிடம் போனார். சனம் விலகி வழிவிட்டது. முன்னொரு காலத்தில் அப்பா குடித்துவிட்டு வரும் பின்னேரங்களில் வாசல் படலையடியில் சொல்லும் அதே சொல்லைச் சொன்னார்.

"ஊதுங்கோ."

அவ்வளவு பேருக்கும் முன்னால் அப்பா குனிந்து, அம்மாவின் முகத்துக்கு நேரே ஊதினார். அம்மா கண்ணை மூடி மோந்தார். கண்ணைத் திறந்தபோது அது நிறைந்திருந்தது.

"சரி," என்றார்.

அதன்பிறகுதான் என் பக்கம் திரும்பினார். அதை எழுதப்போவதில்லை.

மாதா அடுத்த வீட்டுக்குப் போனபோது பாட்டு வழக்கத்தைவிட உரத்துக் கேட்டது. அனுப்புவதற்கு ஒரு போத்தல்கூட மிஞ்சவில்லை. கொழும்புக்காரரிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். யாராவது இரண்டாவது கோப்பை கேட்டார்களா என்று விசாரித்தார். மூப்பர் கேட்டார் என்றேன். மூப்பர் என்ன வேலை செய்கிறார் என்றார். ஊரில் செபம் நடத்துபவர் என்றேன். திங்கட்கிழமை வரச்சொன்னார்.

இப்போது அங்கேதான் வேலை செய்கிறேன். மாமி முழங்காலைக் காட்டி மருந்து எப்போது வரும் என்று கேட்கிறார். ஜெபமாலையில் எங்கள் வீட்டு முறைக்கு ஊரில் ஒருவரும் பிந்துவதில்லை; அம்மா வீம்புக்குப் பச்சைத்தண்ணீர் கொடுக்கிறார்.

லீவில் வரும்போது புதுசாகச் செய்ததில் ஒரு போத்தல் கொண்டுவருவேன். அப்பாதான் கேட்டது. மூடியைத் திறந்து, நெடுநேரம் மோந்து பார்ப்பார். "அண்டைக்குச் செய்ததுதான் திறம். ஆனால் பெட்டியை இன்னொருக்காக் கழுவியிருக்கலாம்," என்பார். இது நேர்த்தியை மீறுவதாகாதா என்று ஒருமுறை கேட்டேன். "நேர்த்தி வாய்க்கெல்லோ வைச்சது. மூக்குக்கில்லை," என்று மூடியைத் திருப்பி இறுக்கினார்.

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்.

"ஊதுங்கோ."

அப்பா எழும்பிப் போவார்.